இறக்கிய கம்பி யாருடையது?

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் புதிய கட்டடம் எழும்பும்போது, அடித்தளக் குழி வெட்டி முடிவதற்குள்ளாகவே முற்றத்தில் கம்பிக் கட்டுகள் வந்து இறங்கிவிடுகின்றன. பின்னாலேயே சிமெண்ட் மூட்டைகளும் கூரைத் தகடுகளும் குழாய்களும் மின்கம்பிச் சுருள்களும் வந்து சேர்கின்றன. அவை தூணாகவும் தளமாகவும் கூரையாகவும் மாறுவதற்குப் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் அப்பொருட்கள் யாருக்குச் சொந்தம்? அவற்றுக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் எவ்வளவு? கொடுத்த பின் அவை களவு போனாலோ கெட்டுப்போனாலோ இழப்பு யாருடையது?

கட்டுமானப் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் தொழில். இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வைத்திருக்கும் தனியார் ஒப்பந்தங்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை, முன்பணமாக ஒரு தொகை, 'வேலை நடக்க நடக்கப் பணம்' என்று ஒரு வரி. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருப்பது இவ்வளவுதான். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இதுவே போதும். நடுவில் யாராவது ஒருவர் தடுமாறினால், எழுதாமல் விட்ட வரிகளின் விலை பல லட்சங்களாக வந்து நிற்கிறது.

வேலைக்கான பணமும் பொருளுக்கான பணமும்

கட்டுமானத்தில் பணம் பொதுவாக அளந்த வேலைக்கே கொடுக்கப்படுகிறது. முடிந்த கான்கிரீட்டையும் கட்டிய சுவரையும் அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்து, அதற்குரிய தொகையை 'ரன்னிங் பில்' எனப்படும் இடைக்காலப் பட்டியலாக ஒப்பந்ததாரர் அளிக்கிறார். கம்பி கான்கிரீட்டுக்குள் போன பிறகுதான் கணக்கில் ஏறும். முற்றத்தில் கிடக்கும் வரை, பட்டியலைப் பொறுத்தவரை அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால், அதை வாங்கிய ஒப்பந்ததாரருக்கோ அது வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன்.

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. இதற்கான அடிப்படைத் தீர்ப்பு, நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிறந்தது. கட்டட ஒப்பந்தத்தில் பயன்பட்ட பொருட்களின் மீது விற்பனை வரி கேட்ட சென்னை மாகாண அரசுக்கும் கேனன் டங்கர்லி நிறுவனத்துக்கும் இடையே நடந்த அவ்வழக்கில், உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர். கட்டட ஒப்பந்தம் என்பது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம். அதற்குள் செங்கல்லையும் கம்பியையும் தனியாக விற்கும் உடன்பாடு எதுவும் இல்லை. அவை நிலத்தோடும் கட்டடத்தோடும் இணையும்போதுதான் உரிமையாளருக்குச் சேர்கின்றன என்பது அத்தீர்ப்பின் சாரம். 1982இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது திருத்தம் வரி விதிப்புக்காக இந்நிலையை மாற்றியது. ஆனால், உடைமை எப்போது கைமாறுகிறது என்ற கேள்விக்கு அத்தீர்ப்பு காட்டிய வழி இன்றும் பயன்படுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, முற்றத்தில் இறக்கிய கம்பி கட்டட உரிமையாளருடையது ஆகிவிடுவதில்லை. அதற்கு அவர் பணம் கொடுத்திருந்தாலும், அந்தப் பணம் எதற்காக, எந்த உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும்.

அரசு கண்ட வழி

அரசுப் பொதுப்பணிகளில் இதற்கு நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. அதற்கு 'செக்யூர்டு அட்வான்ஸ்' என்று பெயர். பிணையுள்ள முன்பணம் எனலாம். மத்தியப் பொதுப்பணிக் கணக்கு விதித்தொகுப்பு, பணியிடத்துக்கு வந்துவிட்ட பொருட்களின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மிகாமல் இவ்வாறு கொடுக்கலாம் என்றது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் உள்ள 10பி பிரிவு, இதை 90 சதவீதம் வரை உயர்த்தியது.

சதவீதத்தைவிட அதனுடன் வரும் நிபந்தனைகளே முக்கியமானவை. பொருள் எளிதில் கெடாததாக, உடையாததாக, தீப்பற்றாததாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். பணியிடத்துக்கு வந்து, மழைக்கும் வெயிலுக்கும் பாதுகாப்பாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்ததாரர் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட வேண்டும். இந்தப் பொருட்களை முன்பணத்துக்குப் பிணையாக ஒப்படைக்கிறேன், இந்த வேலைக்கு மட்டுமே பயன்படுத்துவேன், அனுமதியின்றி வெளியே எடுத்துச் செல்ல மாட்டேன் என்பது அதன் உள்ளடக்கம். பொருள் வேலையில் பயன்படப் பயன்பட, அடுத்தடுத்த பட்டியல்களில் முன்பணம் பிடித்தம் செய்யப்படும்.

அரசு இங்கே கம்பியை விலைக்கு வாங்கவில்லை. கம்பியைப் பிணையாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறது. இந்த வேறுபாடு தெளிவானால், மீதிக் கணக்குகள் எல்லாம் எளிதாகிவிடும்.

திருப்பூருக்குப் பழகிய கணக்கு

இந்த முறை திருப்பூருக்கு அந்நியமானதன்று. இங்குள்ள எந்தப் பனியன் நிறுவன உரிமையாளரும் மாதந்தோறும் வங்கிக்குச் சரக்கு இருப்புக் கணக்கை அனுப்புகிறார். நூல் இவ்வளவு, துணி இவ்வளவு, தைத்து முடித்த ஆடை இவ்வளவு என்று அதில் இருக்கும். வங்கி அந்த மதிப்பை முழுதாக ஏற்பதில்லை. இன்னும் பணம் கொடுக்காமல் கடனில் வாங்கிய சரக்கைக் கழிக்கும். மீதியில் பெரும்பாலும் கால் பங்கை ஒதுக்கி, முக்கால் பங்குக்கே கடன் எடுக்க விடும். சரக்குக்குக் காப்பீடு கேட்கும். அதிகாரி வந்து கிடங்கைப் பார்ப்பார்.

இன்னொன்றையும் இவ்வூர் நன்கு அறியும். ஒருவருடைய துணி இன்னொருவர் கூரையின் கீழ் கிடப்பது இங்கு அன்றாடம். நூல் ஒருவருடையது, பின்னுபவர் வேறொருவர், சாயமிடுபவர் மற்றொருவர். சாயப்பட்டறையில் கிடக்கும் துணி பட்டறைக்காரருடையது ஆகிவிடுவதில்லை. சலான் அதை நிறுவுகிறது. அதே நேரத்தில், கூலி வந்து சேரும் வரை அத்துணியைப் பிடித்துவைக்கும் உரிமையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு அவருக்கு அளிக்கிறது. இருப்பவர் வேறு, உடையவர் வேறு என்ற நுட்பத்தைத் துணி விஷயத்தில் பள்ளிக்கூடம் போகாத மேற்பார்வையாளரும் அறிவார். அதே நிறுவனம் தன் கட்டடத்துக்குக் கம்பி இறக்கும்போது மட்டும் சலானும் இருப்புக் கணக்கும் மறந்துபோகின்றன.

கொடுக்க மறுப்பதன் விலை

அப்படியானால் பொருளுக்குப் பணமே கொடுக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 'வேலையை முடி, பணத்தை வாங்கிக்கொள்' என்பது கண்டிப்பான நிர்வாகம்போலத் தோன்றும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு.

20 டன் கம்பி, டன் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மதிப்பு 12 லட்சம் ரூபாய். அதில் 75 சதவீதம் 9 லட்சம். சிறு ஒப்பந்ததாரர் இந்த 9 லட்சத்தை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால், 2 மாதங்களில் 36,000 ரூபாய் வட்டியாகிறது. கட்டட உரிமையாளர் இதே தொகையை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியுள்ள வங்கிக் கடனிலிருந்து கொடுத்தால், அதே 2 மாதங்களுக்கு 15,000 ரூபாய்தான். இடையில் உள்ள 21,000 ரூபாயை ஒப்பந்ததாரர் தன் கையிலிருந்து போடுவார் என்று நினைப்பது பேதைமை. அது விலையில் ஏறும்; இல்லையேல் கம்பியின் எடையில் குறையும்; அதுவும் இல்லையேல் சனிக்கிழமைக் கூலியில் தள்ளிப்போகும். கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுபவரும் வார இறுதியில் கூலிக்குக் காத்திருப்பதன் காரணம், பல இடங்களில், ஒப்பந்ததாரரின் பணம் முழுவதும் முற்றத்தில் இரும்பாகக் கிடப்பதுதான்.

பிடித்தம் செய்யும் முறையும் எளிது. மேற்சொன்ன கணக்கில் முன்பணம் டன்னுக்கு 45,000 ரூபாய். அடுத்த பட்டியலுக்குள் 12 டன் பயன்பட்டுவிட்டால், அந்தப் பட்டியலில் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பிடிக்கப்படும். முற்றத்தில் 8 டன் மிச்சம் இருக்க வேண்டும். கணக்கில் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் நிலுவை நிற்க வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அன்றே கேள்வி எழும். எடை பார்க்க ஒவ்வொரு முறையும் எடைமேடைக்குப் போக வேண்டியதில்லை. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ. எண்ணத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

ஒரே பொருளுக்கு இரு முறை

முறையின்றிக் கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கு, இத்துறையில் படிக்கும் எல்லோரும் அறிந்த ஓர் இங்கிலாந்து வழக்கு உண்டு. ஹம்பர்சைடு மாவட்ட மன்றம் ஒரு கட்டட வேலையில், பணியிடத்தில் இறக்கிய கூரைக் கற்பலகைகளுக்கு முதன்மை ஒப்பந்ததாரரிடம் பணம் கொடுத்துவிட்டது. அக்கற்பலகைகளைக் கொண்டுவந்த துணை ஒப்பந்ததாரரான டாபர் வில்லியம்சன் நிறுவனத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. முதன்மை ஒப்பந்ததாரர் நொடித்துப்போனார். பலகைகள் இன்னும் துணை ஒப்பந்ததாரருக்கே சொந்தம் என்று 1979இல் நீதிமன்றம் சொன்னது. மன்றம் அதே பொருளுக்கு மறுபடியும் பணம் கொடுக்க நேர்ந்தது.

5 ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்கிளைடு மன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் முடிவு மாறியது. அங்கே காற்றோட்டக் கருவிகளை முதன்மை ஒப்பந்ததாரரே விலைக்கு வாங்குவதாக உடன்பட்டிருந்தார். அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் பெற்ற மன்றத்துக்கு உரிமை சேர்ந்தது. இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 30(2) பிரிவு இத்தகைய பாதுகாப்பையே அளிக்கிறது. ஆனால், அது பொருளை வாங்கியவரிடமோ வாங்க உடன்பட்டவரிடமோ பெறுவதற்குத்தான் பொருந்தும். கம்பிக் கடையில் ஒப்பந்ததாரர் கடனுக்கு வாங்கிய கம்பிக்கும், தானே கொண்டுவந்து பொருத்தித் தருவதாகச் சொன்ன துணை ஒப்பந்ததாரரின் கூரைத் தகட்டுக்கும் சட்டத்தின் முன் உள்ள வேறுபாடு இது. ஆகவே, 'பணம் கொடுத்தேன்' என்பது மட்டும் போதாது. 'யாருடைய பொருளுக்குக் கொடுத்தேன்' என்று தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரரின் விலைப்பட்டியலும், அவருக்குப் பணம் சென்றதற்கான சான்றும் இல்லாமல் முன்பணப் பட்டியலை நான் ஏற்பதில்லை.

கண்ணுக்கு எட்டாத கிடங்கு

இன்று திருப்பூரில் எழும் தொழிற்கூடங்களில் பல, வேறோர் இடத்தில் இரும்புச் சட்டங்களாகச் செய்து கொண்டுவந்து பூட்டப்படும் கட்டடங்கள். தூணும் உத்தரமும் பணியிடத்துக்கு வருமுன்பே மொத்த விலையில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. செய்பவர் தம் பட்டறையில் கிடக்கும் பொருளுக்கே பணம் கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. கொடுப்பதில் ஆபத்தும் அதிகம்.

நான் கணக்குப் பார்க்க அழைக்கப்பட்ட ஒரு கட்டடத்தில், உரிமையாளர் இவ்வாறு பெருந்தொகை கொடுத்திருந்தார். பட்டறைக்காரரின் கடன் வாராக்கடனாகி, வங்கி பட்டறையைப் பூட்டி முத்திரையிட்டது. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான இரும்புத் தூண்களில் எவை தம்முடையவை என்று சொல்ல உரிமையாளரிடம் ஓர் அடையாளமும் இல்லை. பட்டியலில் எடை மட்டுமே இருந்தது. தூண்களின் மேல் பெயரோ எண்ணோ எழுதப்படவில்லை. பல மாதப் பேச்சுக்குப் பின், ஏற்கெனவே கொடுத்ததற்கு மேலும் ஒரு தொகை கொடுத்துத்தான் அவர் தூண்களை எடுத்துவந்தார்.

செய்பவர் ஒரு நிறுமமாக இருந்து நொடிப்புநிலை நடவடிக்கைக்கு உள்ளானாலும் இதே சிக்கல்தான். 2016ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டம், நிறுமத்தின் கையில் இருந்தாலும் ஒப்பந்தப்படி பிறருக்குச் சொந்தமான பொருட்களை அதன் சொத்தாகக் கருதுவதில்லை. அந்தப் பாதுகாப்பு, சொந்தம் என்று நிறுவ முடிந்தவருக்கே பயன்படும். பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக், தன் 1999ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தில் பொருளின் விலையில் 80 சதவீதம் வரை இடைக்காலமாகக் கொடுக்க இடமளிக்கிறது. பொருள் இன்னும் பணியிடத்துக்கு வந்து சேராமல் கப்பலில் ஏறியிருக்கும் நிலையில் கொடுப்பதானால், கப்பல் ஆவணங்களோடு வங்கி உத்தரவாதமும் கேட்கிறது. தொலைவு கூடும்போது பிணையும் கூட வேண்டும் என்பதே அதன் தர்க்கம். கட்டுமானக் காப்பீடும் வழக்கமாகப் பணியிடத்தையே காக்கிறது. வெளிக் கிடங்கில் இருப்பதற்குத் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

பொதுப்பணத்தில் மறுபக்கம்

தாராளமாகக் கொடுத்தாலும் கேடு உண்டு. குழாய்த் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்துவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், பவானி ஆற்றின் உபரிநீரில் 1.5 டிஎம்சியை 6 நீரேற்று நிலையங்கள் வழியாகக் கொண்டுசென்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளை நிரப்புவதற்கானது. இத்தகைய திட்டங்களில் செலவின் பெரும்பகுதி குழாய்தான். குழி வெட்டுவதும் நிலத்துக்கு இசைவு பெறுவதும் கடினம். குழாயை வாங்கி இறக்குவது எளிது. குழாய் இறங்கியவுடனே ஏறக்குறைய முழுப்பணமும் கிடைக்குமானால், கடினமான வேலையை முடிக்க ஒப்பந்ததாரருக்கு என்ன அவசரம்? நாட்டின் பல பகுதிகளில் குழாய்கள் பதிக்கப்படாமல் சாலையோரம் வெயிலில் கிடப்பதற்கும், தணிக்கை அறிக்கைகள் அதைச் சுட்டுவதற்கும் இது ஒரு காரணம்.

எனவேதான் இறக்கியதற்கு ஒரு பங்கு, பதித்து இணைத்ததற்கு ஒரு பங்கு, அழுத்தச் சோதனையில் தேறியதற்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. பிடித்துவைக்கும் கால் பங்கு ஒப்பந்ததாரர்மீதான அவநம்பிக்கையின் அடையாளமன்று. வேலை முடிவதில் அவருக்கும் அக்கறை நீடிப்பதற்கான ஏற்பாடு.

வேலை பாதியில் நிற்கும் நாள்

இவையெல்லாம் சிறு நிறுவனங்களுக்கு மிகையான ஏற்பாடு என்று தோன்றலாம். திருப்பூரின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஊரின் பணப்புழக்கமே முடங்கியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, ஏற்றுமதியாளர்கள் விரிவாக்கத் திட்டங்களைத் தயக்கத்துடன் பார்த்தார்கள். இத்தகைய நாட்களில் கட்டடம் பாதியில் நிற்கும். நின்றவுடன், கடைக்காரர், ஒப்பந்ததாரர், உரிமையாளர் என மூவரும் அதே கம்பியைப் பார்த்து 'என்னுடையது' என்பார்கள். இரவில் லாரியோடு யார் முதலில் வருகிறார் என்பதே தீர்ப்பாகிவிடக் கூடாது.

வரியையும் மறக்கக் கூடாது. கட்டட ஒப்பந்தம் ஜிஎஸ்டியில் ஒரு சேவை. சேவைக்கான முன்பணமாகக் கருதப்படும் தொகைக்கு, பணம் வந்த நாளிலேயே வரிப் பொறுப்பு எழுகிறது. தன் சொந்தக் கட்டடத்துக்காகச் செலுத்திய வரியை உரிமையாளர் பொதுவாக உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் இயலாது. ஆகவே, கொடுக்கும் தொகைக்கு என்ன பெயர் என்பதைக் கணக்காளருடன் முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது நல்லது.

ஒரு தாளில் அடங்குவது

இதற்குப் பெரிய ஒப்பந்த நூல் தேவையில்லை. ஒரு தாளில் எழுதிவிடலாம். எந்தெந்தப் பொருட்களுக்கு முன்பணம் உண்டு. கம்பி, குழாய், தகடு போன்றவற்றுக்கு உண்டு, நாள்பட்டால் வலுவிழக்கும் சிமெண்டுக்கு உடனடித் தேவையின் அளவுக்கு மட்டும். மதிப்பில் எத்தனை சதவீதம். கடைக்காரருக்குப் பணம் சென்றதற்கான சான்று. பணம் கொடுத்த அளவுக்குப் பொருள் உரிமையாளரிடம் பிணையாக இருக்கிறது, வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்ற உறுதி. வெளிக் கிடங்கில் இருந்தால் தனி அடுக்கு, பெயர்ப்பலகை, படம், காப்பீடு. ஒவ்வொரு பட்டியலோடும் இருப்பு எண்ணிக்கை, பயன்பட்ட அளவு, பிடித்தம். வேலை நின்றால் எத்தனை நாட்களுக்குள் யார் எதை எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான்.

இந்தத் தாள் உரிமையாளரை மட்டும் காப்பதன்று. தான் இறக்கிய பொருளுக்கு முக்கால் பங்கேனும் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்த ஒப்பந்ததாரர் கந்துவட்டிக்குப் போக மாட்டார். விலையையும் நியாயமாகச் சொல்வார். தன் பணம் வந்துவிடும் என்று தெரிந்த கடைக்காரர் நல்ல கம்பியைத் தருவார். தொழில் அமைப்புகளும் கட்டுநர் சங்கங்களும் சேர்ந்து தமிழில் ஒரு மாதிரிப் படிவத்தை உருவாக்கினால், ஒவ்வொருவரும் வழக்கறிஞரைத் தேடிச் செல்ல வேண்டியிராது. சாயப்பட்டறைக்கு அனுப்பும் ஒவ்வொரு துணிச்சுருளுக்கும் சலான் போடும் ஊருக்கு, கம்பிக்கும் ஒரு சலான் போடுவது பெரிய காரியமன்று.